வாசலில் நின்று நிறம் பார்ப்போம்

(விழுப்புரத்தில் வீடு கட்டுவோரும் கட்டுமானத் தொழிலாளர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘அறைகளின் நிறப் பொருத்தம்’ என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். ஜாதகப் பொருத்தம் போல ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். பத்துப் பொருத்தமெல்லாம் என்னிடம் இல்லை. சொல்வதற்கு ஒன்றுதான் இருக்கிறது, அதைப் பல வழியில் சொல்லிப் பார்க்கிறேன்.

சாலாமேட்டிலோ திண்டிவனம் சாலையிலோ சமீபத்தில் கிரகப்பிரவேசம் நடந்த ஒரு வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். ஹால் இளம்பச்சை. டிவி மாட்டிய சுவர் மட்டும் கத்தரிப்பூ நிறம், அதற்கு ‘ஹைலைட்’ என்று பெயர். பெண் பிள்ளை அறை ரோஸ், பையன் அறை நீலம், கிச்சன் ஆரஞ்சு, பூஜை அறை மஞ்சள். ஒவ்வொன்றும் ஷேடு கார்டில் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. அந்தந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் இப்போதும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நம் வீடுகளில் யார் கதவைச் சாத்துகிறார்கள்? பகல் முழுக்க எல்லாக் கதவும் திறந்தே கிடக்கும். சோபாவில் உட்கார்ந்தால் ஒரே பார்வையில் ஐந்து நிறம் தெரிகிறது. ஒன்றுக்கொன்று அறிமுகமே இல்லாத ஐந்து நிறங்கள்.

இதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. பெயின்டர் வந்து, “சார், இந்த ரூமுக்கு என்ன கலர்?” என்று கேட்கிறார். நாமும் அந்த ரூமுக்கு மட்டும் பதில் சொல்கிறோம். அடுத்த ரூமுக்கு வேறொருவர் பதில் சொல்கிறார். கேள்வியே அறை அறையாக வருவதால் பதிலும் துண்டு துண்டாகத்தான் வரும். நான் சொல்ல வந்த ஒன்று இதுதான்: நிறத்தை அறைக்குள் நின்று தேர்ந்தெடுக்காதீர்கள். வாசலில் நின்று தேர்ந்தெடுங்கள். இந்த அறையிலிருந்து அடுத்த அறையைப் பார்க்கிற அந்த நிலைவாசலில்தான் நிறப் பொருத்தம் உண்டாகிறது, அல்லது கெடுகிறது.

நம் பக்கத்துப் பழைய ஓட்டு வீட்டை நினைத்துப் பாருங்கள். திண்ணை, நடை, முற்றம், சுற்றித் தாழ்வாரம், கூடம், அறை, அடுப்படி, தோட்டம். ஒரு கோட்டில் நின்றால் தெருவாசலிலிருந்து தோட்ட வாசல் வரை பார்வை ஓடும். அத்தனை இடத்துக்கும் நிறம் எத்தனை? சுவருக்குச் சுண்ணாம்பு வெள்ளை, அதில் பளிச்சென்று தெரியக் கொஞ்சம் நீலம். தரைக்குச் செங்காவி, வசதி இருந்தால் ரெட் ஆக்சைடு போட்டுத் தேய்த்து மெருகேற்றிய தரை. சுவரின் அடியில் ஒரு முழத்துக்குக் காவிப் பட்டை. மேலே பனங்கை, வாரை, ஓடு. நிலையும் கதவும் எண்ணெய் பூசிய மரம். மூன்று நிறம், மிஞ்சினால் நான்கு.

ஆனால் எந்த இரண்டு இடமும் ஒரே மாதிரி இருந்ததில்லை. தாழ்வாரம் பளிச்சென்று இருக்கும், கூடம் மங்கலாக இருக்கும், உள்ளறை இருட்டாகக் குளிர்ந்திருக்கும். அந்த வேறுபாட்டைப் பெயின்ட் கொண்டுவரவில்லை, வெளிச்சம் கொண்டுவந்தது. முற்றத்தில் விழுகிற வெயில் சிவப்புத் தரையில் பட்டு எழும்பும்போது அந்தச் சிவப்பில் கொஞ்சத்தைத் தூக்கிக்கொண்டு வரும். அது வெள்ளைச் சுவரில் படும். அதனால் சுண்ணாம்புச் சுவர் காலையில் ஒரு வெள்ளை, உச்சியில் ஒரு வெள்ளை, சாயங்காலம் ஒரு வெள்ளை. இன்று பளபளக்கும் வெள்ளை டைல்ஸ் மேல் வெள்ளைச் சுவர் எழுப்பிவிட்டு, “ஆஸ்பத்திரி மாதிரி இருக்கே” என்று வருத்தப்படுகிறோம். சுவர் அதே வெள்ளைதான். அதற்கு நிறம் கொடுத்துக்கொண்டிருந்த தரைதான் போய்விட்டது.

பழமையைத் தூக்கிப் பிடிக்க நான் வரவில்லை. முற்றம் வைத்த வீடு எல்லோருக்கும் வாய்த்ததில்லை. கூரை வீட்டில் வாழ்ந்தவர்களே இந்த மண்ணில் அதிகம். ஆனால் அந்தக் கூரை வீட்டிலும் மண்சுவரும் சாணம் மெழுகிய தரையும் பனையோலையும் ஒரே குடும்பமாக இருந்தன. கையில் கிடைத்த பொருள் கொஞ்சமாக இருந்ததால் நிறமும் தானாகச் சேர்ந்தது. இன்று பொருளுக்குக் குறைவில்லை, அதனால் சேர்க்கும் வேலை நம் தலையில் விழுந்திருக்கிறது.

இந்த நிலை எப்படி வந்தது என்பது சின்னக் கதை. ஏசியன் பெயின்ட்ஸ் 1942-இல் பம்பாயில் தொடங்கியது. கையில் வாளியும் பிரஷும் வைத்திருக்கும் அந்தக் குறும்புப் பையன் கட்டுவை ஆர்.கே. லட்சுமண் வரைந்து கொடுத்தது 1954-இல். பொங்கலுக்கு வெள்ளையடிப்பது போய் டிஸ்டெம்பர் வந்தது, அதற்குப் பின் எமல்ஷன். கடையிலேயே கணினி கலந்து கொடுக்கும் இயந்திரம் வந்த பிறகு ஒரு கார்டில் ஆயிரத்துக்கும் மேல் நிறம். ஒரு பக்கம் இது பெரிய சுதந்திரம். மறுபக்கம், ஆயிரம் நிறத்தில் எது எதோடு சேரும் என்று எந்தப் பாட்டியும் நமக்குச் சொல்லித் தரவில்லை.

இங்கே ஒரு பிரெஞ்சு வேதியியலாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாரிஸில் கோபலின் என்ற அரசுத் திரைச்சீலை நெசவுக்கூடம் இருந்தது. அதன் சாயப் பிரிவுக்கு 1824-இல் இயக்குநராக வந்தவர் மிஷேல் ஷெவ்ரல். அவரிடம் ஒரு புகார் வந்தது: கறுப்புச் சாயம் சரியில்லை, நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் நெய்தால் கறுப்பு வெளிறித் தெரிகிறது. சாயத்தைச் சோதித்தார், அதில் ஒரு குறையும் இல்லை. வேறு இடங்களின் கறுப்போடு ஒப்பிட்டார், அதற்கும் இது இளைத்ததில்லை. பழுது சாயத்தில் இல்லை, பக்கத்து நூலில் இருந்தது. ஒரு நிறம் பக்கத்து நிறத்தைத் தனக்கு எதிர்ப்பக்கமாகத் தள்ளுகிறது என்று கண்டுபிடித்து, 1839-இல் பெரிய புத்தகமாகவே எழுதினார்.

நம் வீட்டுக்கு இதன் பொருள் என்ன? பச்சை ஹாலில் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு, ஐவரி பூசிய அறையைக் கதவு வழியாகப் பாருங்கள். ஐவரியில் லேசாக ரோஸ் தட்டும். “கடைக்காரன் வேற ஷேடு குடுத்துட்டான்” என்று சண்டைக்குப் போவோம். அவர் சரியான ஷேடைத்தான் கொடுத்திருப்பார், பச்சைதான் அதைத் தள்ளிவிட்டது. ஹால் மட்டும் சாம்பல் கலந்த மங்கிய பச்சையாக இருந்தால் இந்தத் தள்ளல் மிகவும் குறையும். அழுத்தமான நிறம் பக்கத்து அறையையும் ஆளும். நீங்கள் ஒரு சுவருக்குக் கொடுத்த காசில் அது நான்கு அறைகளை மாற்றிவிடும்.

எந்த நிறங்கள் தாமாகவே சேர்ந்து போகும்? இதற்கு விடை நம் காலடியிலேயே இருக்கிறது. வானூர்ப் பக்கத்துச் செம்மண், சூளைச் செங்கல், நாட்டு ஓடு, காவி, ரெட் ஆக்சைடு, மஞ்சள் காவி எல்லாவற்றிலும் நிறம் கொடுப்பது ஒன்றுதான், இரும்பு. இரும்பு ஆக்சைடோடு நீர் சேர்ந்திருந்தால் மஞ்சள், சுட்டு நீரை விரட்டினால் சிவப்பு. மஞ்சள் காவியை அடுப்பில் வறுத்தால் செங்காவி ஆகும். பனமலை தாளகிரீசுவரர் கோயிலில் பல்லவர் காலத்து உமையின் ஓவியத்தில் கொஞ்சமே மிச்சம் இருக்கிறது. அதைப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சுண்ணாம்புப் பூச்சின் மேல் மண் நிறங்களைக் கொண்டு வரைந்தது, ஆயிரத்து முந்நூறு ஆண்டு கழித்தும் ஒரு நிறம் இன்னொன்றோடு முரண்படவில்லை. ஆகவே ஷேடு கார்டு குழப்பினால் மண் நிறங்களின் பக்கம் போங்கள். மணல், ஓட்டுச் சிவப்பு, பழுப்பு, சந்தனம், உப்பளத்து வெள்ளை. இவற்றில் எந்த மூன்றை எடுத்தாலும் பெரிய தவறு நேராது.

அடுத்தது வெளிச்சம். உள் அலங்காரப் புத்தகங்களில் ஒரு விதி இருக்கும்: வடக்கு அறை குளிர்ந்தது, சூரியன் எட்டாது, அதற்கு வெப்பமான நிறம் பூசு என்று. லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் அது சரி. விழுப்புரம் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 12 டிகிரியில் இருக்கிறது. சித்திரை இரண்டாம் வாரம் சூரியன் நம் தலைக்கு நேர்மேலே வந்து வடக்கே சாய்கிறது, ஆவணி முதல் வாரம்தான் திரும்பி வருகிறது. கத்திரி வெயில் முழுக்க உச்சிப் பொழுதுச் சூரியன் வடக்குப் பக்கம்தான் நிற்கும். அந்த மாதங்களில் காலையும் மாலையும் வடக்கு ஜன்னலில் வெயில் எட்டிப் பார்க்கும். மார்கழியில் தெற்கு அறைக்குச் சாய்ந்த வெயில் வரும். மேற்குச் சுவரோ ஆண்டு முழுக்கப் பிற்பகலில் வேகும்.

அதனால் இங்கே வடக்கு அறைக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஆரஞ்சு அடிக்க வேண்டியதில்லை. மேற்கு அறைக்குத்தான் யோசனை வேண்டும். அங்கே சாயங்கால வெயிலே பொன்னிறமாக வரும், அதன்மேல் மஞ்சள் பூசினால் எரியும். ஹாலில் இருக்கும் அதே நிறத்தைச் சற்றுச் சாம்பல் கலந்து மேற்கு அறையில் பூசினால், மாலையில் இரண்டும் ஒன்று போலத் தெரியும். ஒரே டப்பா பெயின்ட் எல்லா அறையிலும் ஒரே நிறமாகத் தெரியாது என்பதைப் பெயின்டர்கள் அறிவார்கள். வீட்டுக்காரர்கள் நம்புவதில்லை.

இரவு வெளிச்சத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹாலில் 6500 கெல்வின் வெள்ளை எல்இடி, படுக்கையறையில் 3000 கெல்வின் மஞ்சள் விளக்கு என்று இருந்தால், பகலில் பொருந்திய இரண்டு சுவரும் ராத்திரியில் பிரிந்துவிடும். பார்வை ஓடும் அறைகளுக்கெல்லாம் ஒரே கெல்வின் எண் பார்த்து விளக்கு வாங்குங்கள். அட்டைப் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும். பெயின்ட் மாற்றுவதைவிட இது மலிவு.

கண்ணெதிரே சான்று வேண்டும் என்றால் தூரம் போக வேண்டாம். புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா என்ற விடுதி இருக்கிறது. அந்தோனின் ரேமண்ட் வடிவமைத்தார், இளைஞர் ஜார்ஜ் நகஷிமா உடனிருந்து கட்டினார். 1930-களின் பிற்பகுதியில் தொடங்கி 1940-களில் முடிந்த கான்கிரீட் கட்டடம். உள்ளே என்ன இருக்கிறது? கறுத்த கடப்பாக் கல் தரை, கிளிஞ்சல் சுண்ணாம்பு பூசி மெருகிட்ட வெள்ளைச் சுவர், தேக்குக் கதவு, தேக்குச் சாமான். எல்லா அறையிலும் அதே மூன்று. ஏறக்குறைய எண்பது ஆண்டு ஆகிறது. உலகெங்கும் இருந்து கட்டடக் கலைஞர்கள் இன்றும் வந்து பார்க்கிறார்கள்.

இன்னும் கிட்டே, நம் மாவட்டத்து வானூர் வட்டத்தில் 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கிய ஆரோவில். அங்கே மண் கட்டடக் கழகத்தார் அந்தந்த இடத்துச் செம்மண்ணில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் சிமென்ட் சேர்த்து அழுத்திக் கல் செய்கிறார்கள். சூளை வைப்பதில்லை. அந்தக் கல்லைப் பூசாமல் விட்ட வீட்டுக்குள் நின்றால் வெளியே இருக்கும் தரைதான் சுவராக எழுந்து நிற்கிறது. உள்ளுக்கும் வெளிக்கும் பொருத்தம் தேட வேண்டிய வேலையே இல்லை. கோல்கொண்டாவும் ஆரோவில்லும் பணக்காரர் சமாச்சாரம் என்று ஒதுக்க வேண்டாம். அங்கே எடுத்துக்கொள்ள வேண்டியது தேக்கையும் கடப்பாக் கல்லையும் அல்ல. கொஞ்சத்தைத் தேர்ந்தெடு, அதையே திரும்பத் திரும்பக் கொடு என்ற ஒழுங்கை.

சரி, கையில் ஷேடு கார்டு இருக்கிறது, நாளைக் காலை பெயின்டர் வருகிறார், என்ன செய்வது?

முதலில் வரிசையை மாற்றுங்கள். நாம் சுவரில் தொடங்குகிறோம், தரையில் தொடங்க வேண்டும். டைல்ஸைப் பெயர்த்தெடுக்க முடியாது, சுவரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். மாற்ற முடியாததைப் பார்த்து மாற்ற முடிந்ததைத் தேர்ந்தெடுப்பதுதான் புத்தி. புடவைக்கு ரவிக்கை எடுக்கும் எந்தப் பெண்ணுக்கும் இது தெரியும். புடவை உடலின் நிறத்தைவிட அதன் பார்டரைப் பார்த்துத்தான் துணி கிழிக்கச் சொல்வார். வீட்டுக்குப் பார்டர் என்பது தரை, ஸ்கர்ட்டிங், நிலை, கதவு, ஜன்னல் கிரில். இவை எல்லா அறையிலும் ஒன்றாக இருக்கட்டும். ஹாலுக்கு ஒரு டைல்ஸ், ஒவ்வொரு பெட்ரூமுக்கும் வேறு வேறு டைல்ஸ் என்று போகாதீர்கள். குளியலறை தவிர வீடு முழுக்க ஒரே தரை ஓடினால், சுவர்கள் எப்படி இருந்தாலும் பாதிப் பொருத்தம் வந்துவிடும்.

கறுப்பு நமக்கு இலவசமாகக் கிடைத்த துணை. ஏறக்குறைய எல்லாச் சமையலறை மேடையும் கறுப்பு கிரானைட்தான். நம் திண்டிவனம் பக்கத்துக் குன்னத்துக் கறுப்புக் கல்லுக்கு கிரானைட் வணிகத்தில் தனிப் பெயரே உண்டு. மேடைக்கு அறுத்த கல்லில் மிஞ்சும் துண்டுகளை ஜன்னல் அடிக்கும் வாசற்படிக்கும் பதியுங்கள். அடுப்படியில் இருக்கும் கறுப்பு எல்லா அறையிலும் ஒரு கோடாக வந்து போகும். பொருத்தம் என்பது இப்படிக் காசில்லாமலும் வரும்.

இரண்டாவது, ஒவ்வொரு நிலைவாசலிலும் நின்று அங்கிருந்து எந்தெந்தச் சுவர் தெரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தெரிகிற சுவர்களுக்கெல்லாம் ஒரே குடும்பத்து நிறம். கார்டில் ஒரே பட்டையில் மேலிருந்து கீழாக அடர்த்தி ஏறிப் போகும் அல்லவா, அந்தப் பட்டைக்குள்ளேயே எடுங்கள். ஹாலுக்கு நடுத்தரம், அறைகளுக்கு அதன் இளையது. தெரியாத சுவர் ஏதாவது இருக்கும். கதவுக்குப் பின்னால் இருப்பது, அலமாரிக்கு எதிரே இருப்பது. பிள்ளைகளின் ஆசை நிறத்தை அங்கே அடியுங்கள். பையனுக்கு நீலமும் கிடைக்கும், ஹாலிலிருந்து அது கண்ணிலும் படாது.

மூன்றாவது, ஒரு அட்டையில் சின்னச் சதுரமாகத் துளை வெட்டிக்கொள்ளுங்கள். இது லெ கொர்பூசியேயிடமிருந்து கடன் வாங்கிய வேலை. சண்டிகரைக் கட்டியவர்தான். சலூப்ரா என்ற சுவர்க்காகித நிறுவனத்துக்கு 1931-இல் 43 நிறங்களைத் தேர்ந்து கொடுத்தார். கூடவே துளையிட்ட அட்டைகளையும் கொடுத்தார். மற்ற நிறங்களை மறைத்துவிட்டு இரண்டு மூன்றை மட்டும் சேர்த்துப் பார்க்க அவை. ஆயிரம் நிறத்தை ஒன்றாகப் பார்த்தால் கண் ஏமாறும். தேர்ந்த பிறகு இரண்டடிக்கு இரண்டடி சுவரில் அடித்துப் பாருங்கள், காலை, மதியம், விளக்கு வைத்த பிறகு என்று மூன்று வேளை. அடுத்த அறையின் மாதிரியும் வாசல் வழியாகத் தெரியும்படி இருக்க வேண்டும்.

நான்காவது, ஒரு அழுத்தமான நிறம் வேண்டும் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது ஒரே அறையில் மொத்தமாக உட்காரக் கூடாது. ஹாலில் ஒரு சுவராக இருந்தால், படுக்கையறையில் திரைச்சீலையாக, சமையலறையில் டப்பாக்களாக, பூஜை அறையில் மரச் சட்டத்தின் கரையாகக் கொஞ்சம் கொஞ்சம் தலைகாட்டட்டும். ஓரிடத்தில் வந்தால் அது திணிப்பு, மூன்று இடத்தில் வந்தால் ஏற்பாடு.

வாஸ்துவைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். அக்னி மூலைக்கு ஆரஞ்சு, ஈசானியத்துக்கு மஞ்சள் என்று ஜோதிடர் எழுதிக் கொடுத்திருப்பார். அந்த நம்பிக்கையோடு நான் மல்லுக்கு நிற்கவில்லை. முழுச் சுவரும் ஆரஞ்சாக இருக்க வேண்டும் என்று பெரும்பாலும் அவரே சொல்லியிருக்க மாட்டார். மேடைக்கு மேல் ஒரு வரிசை டைல்ஸ், சாமி மாடத்தின் உட்புறம், இவையே போதும். மாமியார் மனமும் நிறையும், வீடும் சிதறாது.

சிறிய வீட்டுக்கு இதெல்லாம் எதற்கு என்று நினைக்கலாம். சிறிய வீட்டுக்குத்தான் அவசியம். கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில் கட்டும் வீட்டின் அளவு 360 சதுர அடி. அதில் எங்கே நின்றாலும் எல்லாம் தெரியும். அறைக்கு ஒரு நிறம் பூசினால் வீடு நான்கு துண்டாகும். தரை, சுவர், கதவு மூன்றையும் ஓடவிட்டால் அதே 360 அடி ஒரே வீடாக விரிந்து நிற்கும். மீந்த டப்பாக்களையும் வீணாக்க வேண்டியதில்லை, எல்லா அறைக்கும் அதே நிறம்தானே.

கடைசியாக மழை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் கொட்டியது. நம் ஊர் வீடுகளுக்குள் தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு சுவரின் அடியில் உப்புப் பூத்து பட்டியோடு பெயின்ட் உரிந்தது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும், எமல்ஷன் உள்ளேயே பிடித்துவைத்துக் கடைசியில் தானும் உரிந்துவிடும். நனைந்த சுவர் காயும் முன் பட்டி பார்க்கச் சொல்லிப் பெயின்டரை அவசரப்படுத்தாதீர்கள். பழைய வீட்டில் சுவரடியில் ஒரு முழக் காவிப் பட்டை எதற்கு இருந்தது என்பது இப்போது விளங்கும். சேறு தெறிப்பதும் ஈரம் ஏறுவதும் அந்த ஒரு முழத்தில்தான். அதை மட்டும் மறுபடி பூசினால் மேலே இருக்கும் சுவர் புதிதாகவே இருக்கும். எல்லா அறைக்கும் ஒரே உயரத்தில் ஒரே நிறப் பட்டை இருந்தால் வீட்டை ஒன்றாகச் சேர்த்துக் கட்டுவதும் அதுதான், காப்பதும் அதுதான். இரண்டரை அடி உயரத்துக்கு அடர்ந்த நிறத்தை இன்றைய வீட்டிலும் தாராளமாகக் கொண்டுவரலாம். ஷேடு எண்ணை மறக்காமல் வீட்டுப் பத்திரத்தோடு எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு ஒரு சுவர் பூச வேண்டியிருந்தால், கண்ணால் பொருத்திக் கலக்க எந்தக் கடைக்காரராலும் முடியாது.

பெயின்டர் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். வீட்டுக்காரர் கடைக்குப் போய் நிறம் பார்ப்பதற்கு முன்னால் அவரைச் சந்திப்பது மேஸ்திரியும் நீங்களும்தான். இத்தனை வருடமாக “இந்த ரூமுக்கு என்ன கலர்?” என்று கேட்டீர்கள். நாளையிலிருந்து அவரை வாசலில் நிறுத்தி, “இங்கிருந்து பார்த்தா எதெல்லாம் தெரியுது?” என்று கேளுங்கள். அவர் கொஞ்சம் விழிப்பார். அதற்குள் டீ வந்துவிடும், குடித்துக்கொண்டே பொறுமையாக யோசிக்கட்டும். அந்த வீட்டுக்கு நீங்கள் பூசப் போகும் முதல் கோட் அந்தக் கேள்விதான்.